ஐந்து நாள் கணக்கு

எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்குக் கொரோனா வந்தால் என்ன செய்வது?



கொரோனா என்ற பெயரைக் கேட்டால் இப்போது பலரும் பயப்படுவதில்லை. ஆனால் அந்த நாட்களை நாம் மறக்கவில்லை. 2020 ஜனவரி 30 அன்று இந்தியாவின் முதல் நோயாளி கேரளத்தில் கண்டறியப்பட்டார். மார்ச் 25 முதல் நாடே அடைபட்டுக் கிடந்தது. வேலை போயிற்று. கூலி போயிற்று. 2021 ஏப்ரல், மே மாதங்களில் ஆக்ஸிஜன் கிடைக்காமல் மக்கள் தவித்தார்கள்.

பிறகு நாம் தடுப்பூசி போட்டுக்கொண்டோம். பலருக்கு நோய் வந்து போனது. இதனால் நம் உடல் அந்தக் கிருமியை அடையாளம் கண்டுகொண்டது. 2023 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனம், அவசர நிலை முடிந்தது என்று அறிவித்தது.

அவசர நிலைதான் முடிந்தது. கிருமி போய்விடவில்லை. 2025 மே, ஜூன் மாதங்களிலும் நம் நாட்டில் ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கொரோனா வந்தது. பெரும்பாலோருக்கு அது சளிக் காய்ச்சல் போல வந்து போகிறது. நாலு நாள் படுத்து எழுந்துவிடுகிறார்கள்.

ஆனால் சிலருக்கு அப்படி இல்லை. அவர்கள் யார்? அவர்களுக்கு என்ன மருந்து? அதை எப்போது, எப்படிப் பெறுவது? இதைத்தான் இந்தப் பாடத்தில் படிக்கப் போகிறோம்.

1. காவல் குறைந்த உடல்

நம் உடலுக்குள் ஒரு காவல் படை இருக்கிறது. இரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள்தான் அந்தப் படை. வெளியிலிருந்து கிருமி வந்தால் இந்தப் படை எதிர்த்துப் போராடும். இதையே நோய் எதிர்ப்புச் சக்தி என்கிறோம்.

சிலருக்கு இந்தக் காவல் குறைவாக இருக்கும். அவர்கள் யார் என்று பார்ப்போம்.

சிறுநீரகம் அல்லது கல்லீரல் மாற்று ஆபரேஷன் செய்துகொண்டவர்கள்.

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவர்கள். இரத்தப் புற்றுநோய் உள்ளவர்கள்.

எச்.ஐ.வி. கிருமி உள்ளவர்களில், எதிர்ப்பு அணுக்கள் மிகவும் குறைந்துவிட்டவர்கள்.

மூட்டுவாதம், லூபஸ் போன்ற நோய்களுக்கு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து சாப்பிடுபவர்கள். நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள்.

எதிர்ப்புச் சக்தியை ஏன் மருந்து கொடுத்து அடக்க வேண்டும்? ஒரு உதாரணம் சொல்கிறோம். ஒருவருக்கு வேறொருவரின் சிறுநீரகத்தைப் பொருத்துகிறார்கள். உடலின் காவல் படைக்கு அது தெரியாது. வேறு ஆள் வீட்டுக்குள் நுழைந்துவிட்டான் என்று நினைக்கும். புதுச் சிறுநீரகத்தையே தாக்கும். அப்படித் தாக்காமல் இருக்கத் தினமும் மாத்திரை சாப்பிட வேண்டும். அந்த மாத்திரை காவல் படையின் வேகத்தைக் குறைக்கும். சிறுநீரகம் பிழைக்கும். ஆனால் கிருமி வந்தாலும் படை வேகமாக எழாது.

இவர்களுக்குத் தடுப்பூசி போட்டாலும் மற்றவர்களுக்குக் கிடைக்கும் அளவு பாதுகாப்பு கிடைப்பதில்லை. கிருமியும் உடலில் அதிக நாள் தங்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2023 நவம்பரில் ஒரு கணக்குச் சொன்னது. கொரோனா வந்தால், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களில் 100 பேரில் சுமார் 6 பேர் மருத்துவமனையில் சேர வேண்டி வரலாம். வேறு நோய் இல்லாதவர்களில் 1,000 பேரில் சுமார் 5 பேர்தான் சேர வேண்டி வரும். இந்த இரண்டு எண்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஆபத்து பன்னிரண்டு மடங்கு.

ஆகவே, எல்லோருக்கும் சொல்லும் யோசனை இவர்களுக்குப் பொருந்தாது. “சும்மா சளிதான், தானாகப் போய்விடும்” என்று இவர்கள் காத்திருக்கக் கூடாது.

2. களை சின்னதாக இருக்கும்போதே

வயலில் களை முளைக்கிறது. சின்னதாக இருக்கும்போதே பிடுங்கினால் வேலை சுலபம். களை வளர்ந்து பயிரை மூடிவிட்டால்? பிறகு பிடுங்கியும் முழுப் பலன் இல்லை. பயிர் பாழாகிவிடும்.

கொரோனாக் கிருமியும் அப்படித்தான். முதல் சில நாட்களில் அது உடலுக்குள் வேகமாகப் பெருகும். ஒன்று பலவாகும். பல, கோடிகளாகும். கிருமியைப் பெருக விடாமல் தடுக்கும் மருந்துகள் இருக்கின்றன. இவற்றை வைரஸ் எதிர்ப்பு மருந்து என்கிறோம். கிருமி பெருகும் நாட்களில் கொடுத்தால்தான் இந்த மருந்து நன்றாக வேலை செய்யும். நுரையீரல் கெட்ட பிறகு கொடுத்தால் பலன் குறைவு.

அதனால் இந்த மருந்துகளுக்கு நாள் கணக்கு உண்டு. மாத்திரையை, நோயின் முதல் அறிகுறி தெரிந்ததிலிருந்து 5 நாளுக்குள் தொடங்க வேண்டும். ஊசி மருந்தை 7 நாளுக்குள் தொடங்க வேண்டும்.

அறிகுறி என்றால் என்ன? தொண்டை வலி, காய்ச்சல், இருமல், மூக்கு ஒழுகுதல், உடம்பு வலி, அசதி. இவற்றில் எது முதலில் வந்ததோ, அந்த நாளை முதல் நாளாக எண்ணுங்கள். பரிசோதனை செய்த நாளிலிருந்து எண்ணாதீர்கள். காய்ச்சல் அதிகமான நாளிலிருந்தும் எண்ணாதீர்கள்.

3. என்னென்ன மருந்து?

முதல் மருந்து, மாத்திரை. இதன் பெயர் நிர்மட்ரெல்விர், ரிட்டோனவிர். இரண்டு பெயர், ஒரே சிகிச்சை. பைசர் என்ற கம்பெனி இதைப் பாக்ஸ்லோவிட் என்ற பெயரில் விற்றது. காலையில் 3 மாத்திரை, இரவில் 3 மாத்திரை, 5 நாள் சாப்பிட வேண்டும். சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு டாக்டர் அளவைக் குறைப்பார். வாயில் கசப்பு இருக்கும். சிலருக்கு வயிற்றுப்போக்கு வரும்.

எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு இந்த மாத்திரையை உலக சுகாதார நிறுவனம் உறுதியாகப் பரிந்துரைக்கிறது. இந்தியக் கம்பெனிகளும் இதைத் தயாரிக்க உரிமை பெற்றன. ஹைதராபாத்தில் உள்ள ஹெட்டெரோ கம்பெனி செய்த மாத்திரையின் தரத்தை 2022 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது.

இரண்டாவது மருந்து, ஊசி. இதன் பெயர் ரெம்டெசிவிர். குளுக்கோஸ் ஏற்றுவது போல நரம்பு வழியாக ஏற்றுவார்கள். நோய் முற்றாத நிலையில் இருப்பவருக்கு 3 நாள் ஏற்றினால் போதும். மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இது உதவும். நம் நாட்டில் மத்திய அரசு 2023 மார்ச்சில் வெளியிட்ட வழிகாட்டுதல், நோய் ஓரளவு முற்றி, மேலும் மோசமாகும் ஆபத்து உள்ளவர்களுக்கு இந்த ஊசியைச் சொல்கிறது. தொடக்கத்திலேயே யாருக்கு இதைப் போடுவது என்பதை நோயாளியின் நிலையைப் பார்த்து டாக்டர் முடிவு செய்வார்.

இந்த மருந்துகளால் எவ்வளவு பலன்? தடுப்பூசி போடாத, ஆபத்து அதிகம் உள்ளவர்களிடம் ஒரு சோதனை நடந்தது. தொடக்கத்திலேயே ரெம்டெசிவிர் 3 நாள் ஏற்றியவர்கள் மருத்துவமனையில் சேர நேர்ந்தது 100-க்கு 87 பங்கு குறைந்தது. இன்று பெரும்பாலோர் தடுப்பூசி போட்டவர்கள். எனவே பலன் அதே அளவு இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் காவல் குறைந்த உடலுக்கு இந்த உதவி தேவை.

மூன்றாவது ஒன்று உண்டு. மோல்னுபிரவிர் என்ற மாத்திரை. நம் நாட்டில் 2021 டிசம்பரில் அவசரத் தேவைக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் 2023 மார்ச் வழிகாட்டுதலில், பயன்படுத்த வேண்டாம் என்ற மருந்துகளின் பட்டியலில் இதுவும் இருந்தது. கர்ப்பிணிகள் இதைச் சாப்பிடவே கூடாது. அதே பட்டியலில் ஐவர்மெக்டின், ஹைட்ராக்சி குளோரோகுயின், அசித்ரோமைசின் ஆகியவையும் இருந்தன. ஆகவே கடைக்காரர் எடுத்துக் கொடுக்கிறார் என்பதற்காக எதையும் வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

4. ஒரு குடும்பத்தின் கதை

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து பார்ப்போம். புதுச்சேரிக்கு அருகில் ஒரு கிராமம். கணவர் டீக்கடை வைத்திருக்கிறார். 2021-ல் அவருக்குச் சிறுநீரக மாற்று ஆபரேஷன் நடந்தது. சிறுநீரகம் கொடுத்தவர் அவர் மனைவி. மனைவி நம்மைப் போல மையத்தில் படித்து எழுதக் கற்றவர். ஒரு நோட்டில் கணவரின் மாத்திரைக் கணக்கை எழுதி வைப்பது அவர் வழக்கம்.

ஒரு சனிக்கிழமை மாலை. கணவருக்குத் தொண்டை வலித்தது. மனைவி நோட்டில் எழுதினார்: “சனி, தொண்டை வலி.”

ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் வந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்தார்.

“ஊரெல்லாம் இந்தக் காய்ச்சல்தான் தம்பி. மிளகுக் கஷாயம் போட்டுக் குடி. ஒரு வாரத்துல போயிடும்” என்றார்.

“சரிங்க மாமா, கஷாயம் போட்டுத் தரேன். ஆனா இவருக்கு ஒரு வாரம் காத்திருக்க முடியாது. நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்குப் போறோம்” என்றார் மனைவி.

“எதுக்கும்மா வீண் செலவு? கடையும் ஒரு நாள் மூடணும்.”

“ஒரு நாள் கடை மூடினா வியாபாரம்தான் போகும் மாமா. சிறுநீரகம் போச்சுன்னா எங்க போய் வாங்குறது?”

பெரியவர் யோசித்தார். “அதுவும் சரிதான்” என்றார்.

திங்கள் காலை இருவரும் மருத்துவமனைக்குப் போனார்கள். இருவரும் முகக்கவசம் அணிந்திருந்தார்கள். மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதனை செய்தார்கள். கொரோனா என்று தெரிந்தது. இளம் டாக்டர் பார்த்தார்.

“பயப்படாதீங்கம்மா. ஆக்ஸிஜன் 97 இருக்கு. லேசான காய்ச்சல்தான். பாரசிட்டமால் எழுதித் தரேன். வீட்டுல ஓய்வு எடுக்கட்டும்.”

மனைவி நோட்டை எடுத்து நீட்டினார்.

“டாக்டரம்மா, இதைக் கொஞ்சம் பாருங்க. இவருக்கு 2021-ல கிட்னி மாத்தியிருக்கு. தினம் டாக்ரோலிமஸ் மாத்திரை சாப்பிடறாரு. சனிக்கிழமை தொண்டை வலி. இன்னிக்கு மூணாம் நாள்.”

டாக்டர் நோட்டைப் படித்தார். முகம் மாறியது.

“நல்ல வேளை சொன்னீங்க. இவருக்கு வெறும் பாரசிட்டமால் போதாது. கிருமிக்கு மாத்திரை கொடுக்கலாம். ஆனா அது இவரோட டாக்ரோலிமஸோட சேர்ந்தா ஆபத்து. இவரைப் பார்க்கிற கிட்னி டாக்டரோட போன் நம்பர் இருக்கா?”

“நோட்டுல கடைசி வரியில இருக்குங்க.”

டாக்டர் போனில் பேசினார். இரத்தப் பரிசோதனை செய்தார்கள். ரெம்டெசிவிர் ஊசி 3 நாள் ஏற்றுவது என்று முடிவாயிற்று. திங்கள், செவ்வாய், புதன். அன்றே முதல் ஊசி ஏற்றினார்கள். வியாழக்கிழமை காய்ச்சல் விட்டது. இரண்டு வாரம் கழித்துச் சிறுநீரக டாக்டரிடம் போய் மறுபடியும் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டார்கள்.

இந்தக் கதையில் யார் மீதும் தவறு இல்லை. டாக்டர் நூறு பேரைப் பார்க்கிறார். யாருக்கு என்ன ஆபரேஷன் நடந்தது என்று முகத்தில் எழுதியிருக்காது. சொன்னால்தான் தெரியும். அந்தத் தாய் மூன்று விஷயம் சொன்னார். என்ன நோய், என்ன மாத்திரை, எத்தனையாவது நாள். இந்த மூன்றும்தான் வழியைத் திறந்தன.

5. மருந்துக்கு மருந்து பகை

டாக்ரோலிமஸோடு சேர்ந்தால் ஆபத்து என்று டாக்டர் ஏன் சொன்னார்?

நாம் சாப்பிடும் மாத்திரை பலவற்றையும் நம் கல்லீரல்தான் கரைத்து வெளியேற்றுகிறது. கொரோனா மாத்திரையில் உள்ள ரிட்டோனவிர், கல்லீரலின் இந்த வேலையைத் தடுத்துவிடும். அப்போது டாக்ரோலிமஸ் வெளியேறாமல் இரத்தத்தில் பல மடங்கு ஏறிவிடும். சிறுநீரகம் கெடும். கை நடுங்கும். அதனால் இந்த இரண்டையும் சேர்த்துக் கொடுக்க நேர்ந்தால், சிறுநீரக டாக்டர் டாக்ரோலிமஸை நிறுத்தி வைத்து, இரத்தத்தில் அளவு பார்த்து, பிறகு மறுபடி தொடங்குவார். இதை நாமாகச் செய்யக் கூடாது.

காச நோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் இதற்கு நேர் மாறானது. இதைச் சாப்பிட்டால் சிறுநீர் சிவந்து போகும். கிராமத்தில் பலருக்கும் இது தெரியும். இந்த மருந்து, கொரோனா மாத்திரையை உடலில் தங்க விடாமல் சீக்கிரம் வெளியேற்றிவிடும். மாத்திரை வீணாகும். ஆகவே இரண்டையும் சேர்த்துக் கொடுக்க மாட்டார்கள். வலிப்பு நோய்க்கான கார்பமசெபின், ஃபெனிடாயின் ஆகியவையும் இப்படித்தான்.

கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாடின், இதய நோய்க்கான சில மருந்துகள் ஆகியவற்றோடும் கொரோனா மாத்திரை ஒத்துப்போகாது. நாட்டு மருந்து சாப்பிட்டாலும் டாக்டரிடம் மறைக்க வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை. கொரோனா வந்துவிட்டது என்று பயந்து, தினமும் சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். எச்.ஐ.வி. கூட்டு மருந்தை நிறுத்தக் கூடாது. ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். அதே போல, புதிதாக ஸ்டீராய்டு மாத்திரையை நீங்களாக வாங்கிச் சாப்பிடவும் கூடாது. ஆக்ஸிஜன் தேவைப்படாத கொரோனா நோயாளிக்கு ஸ்டீராய்டு கூடாது. 2021-ல் கறுப்புப் பூஞ்சை நோய் பலரைத் தாக்கியது. சர்க்கரை நோயும், அளவு மீறிய ஸ்டீராய்டும் அதற்கு முக்கியக் காரணங்கள்.

6. சீட்டு எழுதுவோம்

நோய் வந்த பிறகு ஓடுவதைவிட, வருவதற்கு முன்பே தயாராக இருப்பது நல்லது. ஒரு சீட்டு எழுதுங்கள். அதைப் பையிலும் வீட்டுச் சுவரிலும் வைத்திருங்கள். இதோ மாதிரிச் சீட்டு.

என் பெயர்: ....................
வயது: ....................
எனக்கு உள்ள நோய், நடந்த ஆபரேஷன், ஆண்டு: ....................
தினமும் சாப்பிடும் மாத்திரைகள்: ....................
ஒத்துக்கொள்ளாத மருந்து: ....................
கடைசியாகத் தடுப்பூசி போட்ட தேதி: ....................
என் டாக்டரின் பெயர், போன் எண்: ....................
முதல் அறிகுறி தெரிந்த தேதி: ....................

கடைசி வரியை இப்போது காலியாக விடுங்கள். நோய் வந்தால் அன்றே நிரப்புங்கள்.

மாத்திரைப் பெயர் ஆங்கிலத்தில் இருக்கிறதே, எப்படி எழுதுவது? கவலை வேண்டாம். மாத்திரை தீர்ந்த காலி அட்டையில் பெயர் உள்ள பக்கத்தை வெட்டி நோட்டில் ஒட்டுங்கள். அதன் பக்கத்தில் காலை, மதியம், இரவு என்று தமிழில் எழுதுங்கள். டாக்டர் மாற்றி எழுதும்போது பழைய அட்டையை எடுத்துவிட்டுப் புதிய அட்டையை ஒட்டுங்கள்.

அடுத்த முறை உங்கள் டாக்டரைப் பார்க்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள்.

“எனக்குக் கொரோனா வந்தால் எந்த மருந்து ஒத்துக்கொள்ளும்?”

“அந்த மருந்து எங்கே கிடைக்கும்?”

“ஞாயிற்றுக்கிழமை, இரவு நேரம் என்றால் யாரிடம் போக வேண்டும்?”

இந்த மாத்திரை எல்லா மருந்துக் கடையிலும் இருக்காது. ஆகவே முன்பே கேட்டு வைப்பது முக்கியம். ஐந்து நாளில் இரண்டு நாள் தேடுவதிலேயே போய்விடக் கூடாது.

7. எங்கே போவது?

உங்கள் நோய்க்கு எந்த மருத்துவமனையில் சிகிச்சை பெறுகிறீர்களோ, முதலில் அங்கே போன் செய்யுங்கள். தொலைவாக இருந்தால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அல்லது அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். உடனடிப் பரிசோதனையில் இல்லை என்று வந்தாலும், அறிகுறி இருந்தால், ஆர்.டி.பி.சி.ஆர். பரிசோதனை வேண்டுமா என்று கேளுங்கள்.

வீட்டிலிருந்தே டாக்டரிடம் பேசும் வசதியும் உண்டு. மத்திய அரசின் இ-சஞ்சீவனி சேவையில் செல்போன் வழியாக இலவசமாக டாக்டரிடம் பேசலாம். வீட்டில் படித்த பிள்ளை இருந்தால் உதவி கேளுங்கள்.

ஆயுஷ்மான் பாரத் அட்டை வைத்திருக்கிறீர்களா? மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை பெற்றால், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அதில் காப்பீடு உண்டு. அட்டையைச் சீட்டோடு சேர்த்து வையுங்கள்.

விரலில் மாட்டி ஆக்ஸிஜன் பார்க்கும் சிறு கருவி இருந்தால் நல்லது. அதில் தெரியும் எண்ணைப் படித்து எழுதுங்கள். 94-க்குக் கீழே போனால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, மயக்கம், பேச்சுக் குழறுதல், உதடு நீலமாதல், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108-க்குப் போன் செய்யுங்கள். இதற்கு நாள் கணக்கு எதுவும் இல்லை.

8. போலி மருந்து, ஜாக்கிரதை

2021-ல் ரெம்டெசிவிர் ஊசிக்கு மக்கள் இரவும் பகலும் வரிசையில் நின்றார்கள். தட்டுப்பாடு வந்தது. அந்த ஏப்ரலில் மத்திய அரசு இதன் ஏற்றுமதியைத் தடை செய்தது. கம்பெனிகள் விலையைக் குறைத்தன. ஆனாலும் கள்ளச் சந்தையில் பல மடங்கு விலைக்கு விற்றார்கள். குஜராத்தில் குளுக்கோஸும் உப்பும் கலந்து போலி ஊசி செய்த கூட்டத்தைப் போலீசார் பிடித்தார்கள். நகையை அடகு வைத்து வாங்கிய மருந்து வெறும் உப்புத் தண்ணீர் என்றால், அந்தக் குடும்பம் என்ன செய்யும்?

ஆகவே டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள். உரிமம் உள்ள கடையில் வாங்குங்கள். பில் கேளுங்கள். பெட்டியில் உள்ள பெயரும் சீட்டில் உள்ள பெயரும் ஒன்றா என்று எழுத்துக் கூட்டிப் பாருங்கள். காலாவதித் தேதியைப் படியுங்கள். தெருவில், போனில், தெரிந்தவர் மூலம் என்று வரும் மருந்து வேண்டாம்.

9. வீட்டில் உள்ளவர்கள் செய்ய வேண்டியது

காவல் குறைந்தவரைச் சுற்றி நாம்தான் காவல். சளி, இருமல் உள்ளவர்கள் அவர் அருகில் போக வேண்டாம். போக நேர்ந்தால் முகக்கவசம் அணியுங்கள். சன்னல், கதவைத் திறந்து வையுங்கள். காற்று வரட்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அடுத்த தடுப்பூசி எப்போது என்று டாக்டரிடம் கேளுங்கள்.

5 நாள் மாத்திரை முடிந்து குணமான பிறகும் சிலருக்குச் சில நாளில் காய்ச்சல் திரும்பி வரும். அப்போதும் டாக்டரிடம் சொல்லுங்கள். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் உடலில் கிருமி நீண்ட நாள் இருக்கலாம். எப்போது வெளியே போகலாம் என்பதை டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

நினைவில் வைப்போம்

முதல் அறிகுறி தெரிந்த நாளை எழுதி வை.
மாத்திரைப் பட்டியலைக் கையில் வை.
ஐந்து நாளுக்குள் டாக்டரைப் பார்.
நீயாக மருந்தைத் தொடங்காதே. நீயாக மருந்தை நிறுத்தாதே.

பயிற்சி

அ. சரியான சொல்லால் நிரப்புங்கள்.

1. கொரோனா மாத்திரையை .......... நாளுக்குள் தொடங்க வேண்டும். (5 / 15)
2. ரெம்டெசிவிர் ஒரு .......... மருந்து. (ஊசி / மாத்திரை)
3. ஆக்ஸிஜன் .......... க்குக் கீழே போனால் மருத்துவமனைக்குப் போக வேண்டும். (94 / 74)
4. ரிஃபாம்பிசின் .......... நோய்க்கான மருந்து. (காச / சர்க்கரை)

ஆ. சரியா, தவறா?

1. சிறுநீரகம் மாற்றியவருக்குக் கொரோனா வந்தால் ஒரு வாரம் காத்திருக்கலாம்.
2. பரிசோதனை செய்த நாளையே முதல் நாளாக எண்ண வேண்டும்.
3. கொரோனா வந்தால் தினமும் சாப்பிடும் மாத்திரையை நாமே நிறுத்திவிட வேண்டும்.
4. மருந்து வாங்கும்போது பில் கேட்க வேண்டும்.

இ. கணக்குப் போடுங்கள்.

ஒருவருக்குப் புதன்கிழமை மூக்கு ஒழுகியது. வெள்ளிக்கிழமை காய்ச்சல் வந்தது. சனிக்கிழமை பரிசோதனையில் கொரோனா என்று தெரிந்தது. சனிக்கிழமை எத்தனையாவது நாள்? மாத்திரை தொடங்கக் கடைசி நாள் எந்தக் கிழமை?

ஈ. சேர்ந்து பேசுங்கள்.

1. உங்கள் தெருவில் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் யாராவது இருந்தால், அவர் நோயைப் பற்றி ஊர் பேசாமல், அவருக்கு மட்டும் உதவுவது எப்படி?
2. கூலி வேலைக்குப் போகும் குடும்பம், மருத்துவமனைக்குப் போகும் நாளில் என்ன சிரமப்படுகிறது? அக்கம்பக்கத்தார் என்ன உதவி செய்யலாம்?

உ. எழுதுங்கள்.

இந்தப் பாடத்தில் உள்ள மாதிரிச் சீட்டை உங்கள் நோட்டில் எழுதுங்கள். உங்கள் வீட்டில் தினமும் மாத்திரை சாப்பிடும் ஒருவருக்காக அதை நிரப்புங்கள். எழுத்துப் பிழை இருந்தாலும் பரவாயில்லை. மாத்திரையின் பெயரும் தேதியும் மட்டும் சரியாக இருக்க வேண்டும். நிரப்பிய சீட்டை அவரிடமே கொடுங்கள்.